கடலைப் பாத்த வீடு வாங்கலாமான்னு கேட்டீங்க, கொஞ்சம் நீளமான பதில்

பத்து நாள் லீவுக்கு ஒரு சின்ன பீச் ஊருக்கு போயிட்டு வந்தீங்க, மணலை ஒட்டி முதல் வரிசைல ஒரு வீடு விலைக்கு வருது, ரெண்டு வருஷமா பூட்டிக் கிடந்ததாம், இப்ப புதுசா பெயிண்ட் அடிச்சிருக்காங்க, புரோக்கர் ஒரு வாரத்துல அட்வான்ஸ் கேக்குறார், வீட்டுக்காரர் ரெண்டு வருஷத்துல ரிட்டயர் ஆகுறார், மாமியாரும் கூட இருக்காங்க, சிட்டி ஃப்ளாட்டை வித்துட்டு இதை வாங்கிடலாமான்னு கேட்டிருந்தீங்க. நான் கடலோர ஊர்ல பதினாலு வருஷமா இருக்கேன், அதுல முதல் ஆறு வருஷம் நீங்க ஆசைப்படுற அதே முதல் வரிசைல, மிச்ச எட்டு வருஷம் நாலு தெரு உள்ள தள்ளி. அதனால சுத்தி வளைக்காம சொல்லிடுறேன், அந்த ஊருக்கு தாராளமா போங்க, அந்த வீட்டை விட்டுடுங்க. கடலுக்கு நடந்து போக ஒரு பத்து நிமிஷம் ஆகணும், தெரு கொஞ்சம் மேடா இருக்கணும், அதுதான் வாழுறதுக்கான தூரம். முதல் வரிசை லீவுக்கு வந்து தங்கிட்டுப் போறதுக்கு.

ஏன்னு சொல்றேன். எல்லாரும் புயல், சுனாமின்னு பெரிய விஷயத்துக்குத்தான் பயப்படுறாங்க, ஆனா வீட்டை தினமும் தின்னுட்டிருக்கிறது உப்பு. ஒரு லிட்டர் கடல் தண்ணில சுமார் 35 கிராம் உப்பு இருக்கு. அலை உடையும்போது வர்ற நுரைல இருக்குற குமிழ் ஒவ்வொண்ணும் வெடிச்சு கண்ணுக்குத் தெரியாத துளியை மேல தூக்கிப் போடுது, பகல்ல காத்து கடல்லேருந்து கரைப் பக்கம் வீசும்போது அந்தத் துளியெல்லாம் நேரா உங்க சுவர்ல வந்து உக்காருது. பெரும்பகுதி முதல் சில நூறு மீட்டருக்குள்ளயே விழுந்துடும், அதனாலதான் நாலு தெரு தள்ளிப் போனாலே அவ்வளவு வித்தியாசம் (புயல் நாள்ல கிலோமீட்டர் கணக்குல உள்ள வரும், அது வேற கணக்கு). தண்ணி காஞ்சதும் தொல்லை முடிஞ்சுடாதான்னு நீங்க கேக்கலாம், முடியாது. சமையல் உப்பு காத்துல ஈரப்பதம் 75 சதவீதத்துக்கு மேல போனாத்தான் கசியும், ஆனா கடல் உப்புல கலந்திருக்குற மக்னீசியம் குளோரைடு 33 சதவீதம் தாண்டினாலே ஈரத்தை இழுக்க ஆரம்பிச்சுடும். அதாவது உப்பு படிஞ்ச இரும்பு வெயில் நாள்லயும் ஈரமாத்தான் இருக்கும், நம்ம கண்ணுக்குத்தான் காஞ்ச மாதிரி தெரியும்.

இன்னொரு விஷயம், எனக்கே மூணாவது வருஷம்தான் புரிஞ்சுது. மழைல நனையற பக்கத்தை விட மழை படாத பக்கம்தான் சீக்கிரம் துரு ஏறும், ஏன்னா மழை உப்பைக் கழுவிடுது, சன்ஷேடுக்கு அடில, பால்கனி மூலைல, கார் ஷெட்டுக்குள்ள யாரும் கழுவுறதில்ல. என் கேட்டு நல்லா வெயில்லயும் மழைலயும் நின்னுச்சு, ஓரளவு தாக்குப் பிடிச்சுது, போர்டிகோவுக்கு அடில இருந்த அழகான இரும்பு ஊஞ்சல் கொக்கி மூணே வருஷத்துல பென்சில் கனத்துக்கு இளைச்சுப் போச்சு. நல்லவேளை கழட்டித் துடைக்கலாம்னு ஏறினப்பதான் பாத்தேன், ஆடிட்டிருக்கும்போது அறுந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு நினைச்சாலே இப்பவும் பக்குன்னு இருக்கும்.

சரி, அந்த வீட்டுக்கு இன்னொரு தடவை போறீங்கன்னு வைங்க (போகத்தான் போறீங்க, ஆசை யாரை விட்டுச்சு), புது பெயிண்டைப் பாக்காதீங்க, பெயிண்ட் அடிக்க மறந்த இடத்தைப் பாருங்க. கதவு கீலோட உள்பக்கம், சுவிட்ச்போர்டு மூடியைக் கழட்டினா உள்ள இருக்குற ஸ்க்ரூ, கிச்சன் சிங்குக்கு அடில இருக்குற பைப் கிளாம்ப், ஏசி அவுட்டோர் யூனிட்டோட முதுகுப்பக்கம். ஏசி பின்னாடி இருக்குற அலுமினியத் தகடு விரல்ல தொட்டா மாவு மாதிரி உதிருதுன்னா அந்த வீட்டு மேல காத்து எவ்வளவு உப்பைக் கொட்டுதுன்னு அதுவே சொல்லிடும். ஜன்னல் கம்பில விரலைத் தேச்சு நாக்கு நுனில வச்சுப் பாருங்க, சிரிக்காதீங்க, நான் வீடு மாத்தினப்ப பாத்த ஏழெட்டு வீட்டுலயும் இதைத்தான் செஞ்சேன், புரோக்கர் என்னை ஒரு மாதிரியாத்தான் பாத்தார், பாத்துட்டுப் போகட்டும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போட்டிருக்கோம் சார்னு சொல்லுவாங்க, எந்த கிரேடுன்னு கேளுங்க. சாதாரணமா கிடைக்கிற 304 கடல் பக்கத்துல டீக்கறை மாதிரி பழுப்பு ஏறிடும், 2-3 சதவீதம் மாலிப்டினம் கலந்த 316தான் ஓரளவு நிக்கும், அதையும் அப்பப்ப நல்ல தண்ணில கழுவணும். அலுமினிய ஜன்னல்ல வேற உலோகத்து ஸ்க்ரூ போட்டிருந்தா ஸ்க்ரூவைச் சுத்தி அலுமினியம் வெள்ளையா பூத்து அரிச்சிருக்கும், அதையும் ஒரு பார்வை பாத்துடுங்க.

இதெல்லாம் கூட மாத்திடலாம், பணம்தான் போகும். மாத்த முடியாதது காங்கிரீட்டுக்குள்ள இருக்குற கம்பி. நல்ல காங்கிரீட் காரத்தன்மை உள்ளது, பிஹெச் 12, 13ன்னு இருக்கும், அந்தக் காரம் இருக்குற வரைக்கும் கம்பி மேல ஒரு மெல்லிசான பாதுகாப்புப் படலம் இருக்கும், துரு பிடிக்காது. உப்புல இருக்குற குளோரைடு மெல்ல மெல்ல உள்ள இறங்கி கம்பியைத் தொட்டதும் அந்தப் படலம் உடையுது. அப்புறம் துரு, அந்தத் துரு இரும்பை விட ரெண்டு மடங்குலேருந்து ஆறு மடங்கு வரைக்கும் இடம் பிடிக்கும், உள்ளேருந்து தள்ளும், காங்கிரீட் வெடிக்கும், காரை பேந்து விழும். பேந்து விழுந்த இடத்துல சிமெண்ட் பூசி மேல பெயிண்ட் அடிச்சா புது வீடு மாதிரி ஆயிடும், ஒரு ரெண்டு வருஷத்துக்கு. கம்பிக்கு மேல காங்கிரீட் எவ்வளவு கனம் இருக்கு, கட்டும்போது அந்தக் கனம் வர்றதுக்காக கம்பிக்கு அடில வைக்குற கவர் பிளாக்ங்கற சின்னக் கட்டையை ஒழுங்கா வச்சாங்களா, எந்தத் தண்ணில கலந்தாங்க, எந்த மணல், இதெல்லாம்தான் வீட்டோட ஆயுளைத் தீர்மானிக்குது, அதை இப்ப யாரும் உங்களுக்கு உண்மையா சொல்லப் போறதில்ல. அதனால ஒரு சின்ன சுத்தியல் எடுத்துட்டுப் போங்க, பால்கனி அடிப்பக்கம், தூண் கால், பீம் ஓரம் எல்லாத்தையும் லேசா தட்டிப் பாருங்க. கெட்டியா டங்குன்னு கேட்டா சரி, பொத்துன்னு காலியா கேட்டா உள்ள பிரிஞ்சிருக்கு. கம்பி ஓடுற நேர்கோட்டுலயே விரிசல் இருந்தா அது பூச்சு விரிசல் இல்ல. நீங்களே காசு குடுத்து ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூட்டிட்டுப் போங்க, புரோக்கர் கூட்டிட்டு வர்றவரை வேணாம், குளோரைடு எவ்வளவு ஆழம் இறங்கியிருக்குன்னு காங்கிரீட்டைத் துளை போட்டு எடுத்து டெஸ்ட் பண்ண முடியும்.

தனி வீடு வேணாம், அபார்ட்மெண்ட்னா பிரச்சனை இல்லயேன்னு நினைச்சா, அங்க வேற தலைவலி. அமெரிக்காவுல ஃப்ளோரிடா கடற்கரைல சர்ஃப்சைடுங்கற ஊர்ல, 1981ல கட்டின 12 மாடிக் கட்டடம் 2021 ஜூன் 24 அன்னிக்கு விடியறதுக்கு முன்னாடி இடிஞ்சு 98 பேர் செத்துப் போனாங்க. நீச்சல்குளத் தளத்துல வாட்டர்ப்ரூஃபிங் போயிடுச்சு, அதுக்கு அடில இருக்குற காங்கிரீட் ஸ்லாப் மோசமா கெட்டிருக்குன்னு 2018லயே ஒரு இன்ஜினியர் எழுதிக் குடுத்திருந்தார். ரிப்பேர்னு வந்தா யார் எவ்வளவு போடுறதுன்னு பேசிப் பேசியே அபார்ட்மெண்ட்ல வருஷம் ஓடிடும், எந்த ஊர்லயும் இதே கதைதான். அதனால கடலோர அபார்ட்மெண்ட் பாத்தா லிஃப்ட், ஜிம் எல்லாம் அப்புறம், அசோசியேஷன் கணக்குல ரிப்பேருக்குன்னு எவ்வளவு பணம் இருக்கு, கடைசி அஞ்சு வருஷத்து மீட்டிங் நோட்ல என்ன எழுதியிருக்கு, இந்த ரெண்டையும் முதல்ல கேளுங்க. தர மாட்டேன்னு சொன்னா அதுவே ஒரு பதில்தான்.

தண்ணி. இதை யாருமே கேக்குறதில்ல, வந்தவங்க எல்லாம் கடலைப் பாத்துட்டே இருந்துடுறாங்க. கடலோரத்துல நிலத்தடி நல்ல தண்ணி உப்புத் தண்ணி மேல மிதந்துட்டிருக்கு, ரெண்டுக்கும் அடர்த்தி வித்தியாசம் கொஞ்சம்தான், அதனால கடல் மட்டத்துக்கு மேல ஒரு மீட்டர் நல்ல தண்ணி நின்னா கீழ சுமார் 40 மீட்டர் வரைக்கும் நல்ல தண்ணி இருக்கும்னு ஒரு கணக்கு. கேக்க நல்லாத்தான் இருக்கு, திருப்பிப் போட்டுப் பாருங்க, நீர்மட்டம் ஒரு மீட்டர் இறங்கினா உப்புத் தண்ணி நாளாவட்டத்துல 40 மீட்டர் மேல ஏறி வந்துடும். சீசன்ல எல்லா ஹோட்டலும் ஒரே நேரத்துல மோட்டாரைப் போட்டா என்ன ஆகும்னு யோசிங்க. என் பழைய வீட்டு போர் தண்ணி வாங்கும்போது நல்லாத்தான் இருந்துச்சு, நாலாவது வருஷம் சோப்பு நுரைக்கலை, அஞ்சாவது வருஷம் துணி வெறைப்பா காய ஆரம்பிச்சுது, ஆறாவது வருஷம் ஹீட்டர் உள்ளேருந்து ஓட்டை. தண்ணி டெஸ்ட் பண்றதா இருந்தா மழை முடிஞ்ச கையோட பண்ணாதீங்க, வறண்ட காலத்துக் கடைசில பண்ணுங்க, கரைஞ்ச உப்பு லிட்டருக்கு 1000 மில்லிகிராமைத் தாண்டினா குடிக்கவே வாய்க்குப் பிடிக்காது. அரசாங்கக் குழாய் தண்ணி இருந்தா அந்தத் தெருவுக்கே தனி மதிப்பு. கழிவுநீரும் அதே மாதிரிதான், செப்டிக் டேங்க்னா கடல் மட்டம் ஏறுற ஓத நேரத்துல நிலத்தடி நீரும் மேல வரும், டேங்க் தண்ணி இறங்க இடம் இல்லாம எதிர்த்துக்கிட்டு வரும், பௌர்ணமி அமாவாசைல பாத்ரூம்ல வாடை வருதான்னு பக்கத்து வீட்டுல நைசா விசாரிங்க.

கரை நகருற விஷயம் அடுத்தது. பீச்ங்கறது ஒரு இடத்துல நிக்கற பொருள் இல்ல, மணல் கரையோரமா ஒரு பக்கத்துலேருந்து இன்னொரு பக்கத்துக்கு நடந்துட்டே இருக்கும். எங்கயோ ஒரு இடத்துல துறைமுகத்துக்கோ மீன்பிடி வசதிக்கோ கடலுக்குள்ள கல்லைக் கொட்டி நீட்டினா ஒரு பக்கம் மணல் சேரும், அடுத்த பக்கத்துக்கு வரவேண்டிய மணல் வராது, அந்தப் பக்கத்து ஊரு கரையும். தடுப்புச்சுவர் கட்டினா வீடு கொஞ்ச நாள் தப்பிக்கும், ஆனா அலை சுவர்ல மோதித் திரும்பும்போது அடி மணலை அள்ளிட்டுப் போயிடும், கடைசில சுவர் இருக்கும், பீச் இருக்காது, நீங்க எதுக்கு அங்க போனீங்களோ அது போயிடும். இங்கிலாந்துல ஹோல்டர்னஸ் கரை வருஷத்துக்கு சராசரியா ரெண்டு மீட்டர் அளவுக்கு கரையுது, அமெரிக்காவுல நார்த் கரோலினாவுல ரொடாந்தேங்கற ஊர்ல முதல் வரிசை வீடுங்க 2020லேருந்து ஒண்ணு ஒண்ணா கடலுக்குள்ள சரிஞ்சு விழுந்துட்டிருக்கு. உங்க ஊர் எப்படின்னு தெரிஞ்சுக்க சேட்டிலைட் மேப்ல பழைய வருஷத்துப் படத்தைப் போட்டு இன்னிக்கு இருக்குறதோட ஒப்பிட்டுப் பாருங்க, அதை விட முக்கியமா அங்க வயசான மீனவர் ஒருத்தரைப் பிடிச்சு அந்தக் காலத்துல கடல் எங்க இருந்துச்சுன்னு கேளுங்க. நான் கேட்டப்ப ஒரு பெரியவர் வாயைத் திறக்கலை, கையை நீட்டி அலைக்குள்ள நின்னுட்டிருந்த ஒரு கிணத்து உறையைக் காட்டினார். தண்ணி எடுத்த கிணறு, இப்ப அது மேல காக்கா உக்காந்திருக்கு.

பத்திரத்துலயும் இது வந்து முட்டும். பல நாட்டுல அலை தொடுற நிலம் பொதுச்சொத்து, கடல் உள்ள வந்துட்டா கோடும் உள்ள வந்துடும், உங்க பத்திரம் அப்படியேதான் இருக்கும், நிலம்தான் இருக்காது. ஸ்பெயின்ல 1988ல ஒரு கடற்கரைச் சட்டம் வந்துச்சு, கரையோரத்துல ஏற்கனவே சொந்தமா வச்சிருந்தவங்க பலருக்கு சொந்தம் போயி 30 வருஷ அனுபவ உரிமை மட்டும் கையில நின்னுச்சு, 2013ல அதை 75 வருஷம் வரைக்கும் நீட்டினாங்க. நிறைய நாட்டுல கடல்லேருந்து இத்தனை மீட்டருக்குள்ள கட்டக்கூடாது, கட்டினதை விரிவு பண்ணக்கூடாதுன்னு விதி இருக்கு. முதல் வரிசை வீடு வாங்குறவங்க வீடு இருக்குதான்னு மட்டும் பாக்குறாங்க, இடிஞ்சா அதே இடத்துல திரும்பக் கட்ட விடுவாங்களான்னு கேக்குறதில்ல. இதை எழுத்துல வாங்காம அட்வான்ஸ் குடுக்காதீங்க.

வெள்ளம் பத்தி ஒரே ஒரு கணக்கு. "நூறு வருஷத்துக்கு ஒரு தடவைதான் சார் அந்த அளவுக்கு தண்ணி வரும்"னு சொல்லுவாங்க. அதுக்கு அர்த்தம் ஒவ்வொரு வருஷமும் நூத்துல ஒரு பங்கு வாய்ப்பு, போன வருஷம் வந்துட்டா இந்த வருஷம் வராதுன்னு இல்ல. 30 வருஷ லோன் போட்டா அந்தக் காலத்துக்குள்ள ஒரு தடவையாவது வர்றதுக்கு 26 சதவீதம், அதாவது நாலுல ஒண்ணுக்கு மேல. அதுவும் இன்னிக்கு இருக்குற கடல் மட்டத்துக்கு, உலக சராசரி கடல் மட்டம் 1901லேருந்து 2018க்குள்ள 20 சென்டிமீட்டர் ஏறியிருக்கு, 2006க்கு அப்புறம் வருஷத்துக்கு 3.7 மில்லிமீட்டர்னு வேகம் கூடியிருக்கு. அதனாலதான் தூரத்தோட உயரத்தையும் பாருங்கன்னு சொல்றேன், கடல்லேருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி பள்ளத்துல ஆத்து முகத்துவாரம் பக்கம் இருக்குற வீட்டை விட முன்னூறு மீட்டர்ல மேட்டுல இருக்குற வீடு தேவலை, புயல் நேரத்துல தண்ணி முகத்துவாரம் வழியாதான் முதல்ல உள்ள நுழையும். இன்சூரன்ஸ் எடுத்துக்கலாம்னு நினைச்சா, விலை பேசுறதுக்கு முன்னாடியே கொட்டேஷன் வாங்குங்க, நிறைய சாதாரண வீட்டுப் பாலிசில வெள்ளம் சேராது, கரை அரிப்பு சேரவே சேராதுன்னு வச்சுக்கலாம். கம்பெனிக்காரன் தயங்கினா அவன் உங்களை விட கணக்கு தெரிஞ்சவன்.

இதெல்லாம் வீட்டுக் கதை, இனி ஊர்க் கதை. நீங்க பாத்தது சீசன் ஊரு. சீசன் முடிஞ்ச ஒரு செவ்வாய்க்கிழமை, ராத்திரி எட்டு மணிக்கு அந்தத் தெருவுல நடந்து போயி லைட் எரியுற வீட்டை எண்ணுங்க. என் பழைய தெருவுல இருபத்திரெண்டு வீடு, எரிஞ்சது நாலு. மிச்சமெல்லாம் வாரக்கடைசிக்கு வர்றவங்களும் டூரிஸ்டுக்கு நாள் வாடகைக்கு விடுறவங்களும். பகல்ல அமைதியா இருக்கேன்னு சந்தோஷமா இருக்கும், ராத்திரி ஒரு சத்தம் கேட்டா கூப்பிட ஆள் இல்லைங்கறது அப்பத்தான் தெரியும். சீசன்ல தலைகீழ், விடிய விடிய பாட்டு, உங்க கேட்டுக்கு முன்னாடி யாரோ காரை நிறுத்திட்டு பீச்சுக்குப் போயிருப்பாங்க. உள் தெருவுல குடும்பமா வருஷம் முழுக்க இருக்குறவங்கதான் அதிகம், எனக்கு ஒரு தடவை நெஞ்சு பிசைஞ்சப்ப கார் எடுத்தவர் பக்கத்து வீட்டுக்காரர், வெறும் கேஸ்தான்னு சொல்லி அனுப்பிட்டாங்க, ஆனா போற அம்பது நிமிஷமும் எனக்குத் தெரியாதே. மாமியார் கூட இருக்காங்கன்னு எழுதியிருக்கீங்க, அதனால இருதய டாக்டர் எப்பவும் இருக்குற ஆஸ்பத்திரிக்கு ராத்திரி நேரத்துல கார்ல போக எவ்வளவு நிமிஷம், மழைல அந்த ரோடு முழுகுமா, இந்த ரெண்டையும் நீங்களே ஓட்டிப் பாத்து தெரிஞ்சுக்கோங்க, மேப் சொல்றதை நம்பாதீங்க.

விக்கிறது பத்தியும் ஒரு வார்த்தை. சின்ன ஊர்ல வாங்க ஆள் கம்மி, அதுலயும் முதல் வரிசை வீட்டுக்கு ஆசைப்படுறவங்க நிறைய, கையெழுத்து போடுறவங்க ரொம்பக் கம்மி. எனக்கு விக்க ஒண்ணே முக்கால் வருஷம் ஆச்சு, அதுவும் நான் போட்ட ரிப்பேர் செலவைக் கணக்குல சேர்த்தா நஷ்டம்தான். அதனால சிட்டி ஃப்ளாட்டை இப்ப விக்காதீங்க, வாடகைக்கு விடுங்க, அந்த வாடகைல இங்க ஒரு வீடு வாடகைக்கு எடுத்து ஒரு வருஷம், கண்டிப்பா சீசன் இல்லாத மாசங்களையும் சேர்த்து, இருந்து பாருங்க. ரிட்டயர்மெண்ட்டுக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கே, என்ன அவசரம்.

உள் தெருவுல இருந்தாலும் சில பழக்கம் வேணும், அது கஷ்டமே இல்ல. கடல் பக்கத்து ஜன்னலை மத்தியானம் காத்து ஏறும்போது சாத்திட்டு, ராத்திரி கரைக்காத்து திரும்பினதும் திறந்து விடுங்க. மாசத்துக்கு ரெண்டு தடவை ஏசி அவுட்டோர், கேட்டு, ஜன்னல் கம்பி, காரோட அடிப்பக்கம் எல்லாத்தையும் சாதா தண்ணில கழுவி விடுங்க, மழை படாத இடத்தை முதல்ல. பூட்டுக்கு ஆயில், இல்லன்னா என்னை மாதிரி ராத்திரி பதினோரு மணிக்கு பாதி சாவி பூட்டுக்குள்ளயும் பாதி கைலயுமா நிப்பீங்க. சோலார் போடுறதா இருந்தா உப்புப் பனி டெஸ்ட் பாஸ் பண்ணின பேனலான்னு கேளுங்க, அதுக்கு ஐஇசி 61701னு ஒரு தரம் இருக்கு. வீட்டுக்கு முன்னாடி மணல்மேடு இருந்தா பார்வையை மறைக்குதுன்னு இடிச்சுடாதீங்க, அதுல படர்ந்திருக்குற கொடியையும் பிடுங்காதீங்க, புயல் அன்னிக்கு அது வாங்குற அடி உங்களுக்கு வர்ற அடி.

என்ன இழந்தீங்க முதல் வரிசையை விட்டுட்டுன்னு கேட்டா, படுக்கைலேருந்தே கடல் தெரியும், அது இப்ப இல்ல. ஆனா அங்க இருந்த ஆறு வருஷத்துல நான் பீச்சுக்கு இறங்கினது கம்மி, ஞாயித்துக்கிழமைன்னா எதையாவது சுரண்டி பெயிண்ட் அடிச்சிட்டிருப்பேன். இப்ப தினமும் காலைல செருப்பை மாட்டிட்டு பத்து நிமிஷம் நடந்து போறேன், சத்தம் முதல்ல கேக்கும், அப்புறம் வாசனை, கடைசி திருப்பத்துலதான் தண்ணி தெரியும்.

அந்த வீட்டு ஓனர்கிட்ட விலை பேசாதீங்க, ஒரு வருஷத்துக்கு வாடகைக்குத் தருவீங்களான்னு கேட்டுப் பாருங்க. ரெண்டு வருஷமா பூட்டிக் கிடந்த வீடுன்னா கழுவ ஆள் இல்லாம உப்பு ரெண்டு வருஷம் உக்காந்திருக்கு, அவருக்கும் யாராவது ஜன்னலைத் திறந்து மூடினா போதும்னுதான் இருக்கும். அவர் முடியாது வித்துத்தான் ஆகணும்னு அவசரப்பட்டா, அந்த சுத்தியலை எடுத்துட்டு மொட்டை மாடிக்குப் போற படிக்கட்டோட அடிப்பக்கத்தைத் தட்டிப் பாருங்க, பெயிண்ட் அடிக்கிறவங்க பெரும்பாலும் அங்க குனியறதில்ல.